மக்களாட்சியும் பண்பாட்டு வேறுபாடுகளும்

மக்களாட்சி மேற்கு நாடுகளின் பண்பாட்டில் மட்டுமே வளரக்கூடியதா, வேறு சமயங்களையும் மரபுகளையும் கொண்ட சமூகங்களிலும் வேரூன்றுமா என்பது அரசியல் அறிவியலில் நெடுங்காலமாக விவாதிக்கப்படும் வினா ஆகும். இது ஏட்டளவில் நிற்கும் வினா அன்று. "எங்கள் மக்களுக்கு இது ஒத்துவராது" என்ற காரணத்தைச் சொல்லியே பல ஆட்சியாளர்கள் மக்களின் வாக்குரிமையை மறுத்துள்ளனர்.

இடம் மாறிய ஐயம்

கத்தோலிக்க நாடுகளுக்கு மக்களாட்சி பொருந்தாது என்ற கருத்து ஒரு காலத்தில் நிலவியது. 1974இல் போர்ச்சுகலில் சர்வாதிகாரம் வீழ்ந்தது. 1975இல் பிராங்கோ மறைந்தபின் ஸ்பெயினும் தேர்தல் ஆட்சிக்குத் திரும்பியது. அக்கருத்து வலுவிழந்தது. ஆனால் அதே ஐயம் கன்பூசிய மரபுடைய கிழக்காசியாவின் மீதும் இசுலாமிய நாடுகளின் மீதும் தொடர்ந்து எழுப்பப்பட்டது.

கிழக்காசிய விவாதம்

1994இல் சிங்கப்பூரின் முன்னாள் பிரதமர் லீ குவான் யூ, ஃபாரின் அஃபேர்ஸ் இதழுக்கு அளித்த நேர்காணலில், கிழக்காசியச் சமூகங்கள் குடும்பத்தையும் ஒழுங்கையும் முதன்மையாகக் கொண்டவை என்றும், மேற்கத்திய முறையை அவற்றின்மீது சுமத்தக் கூடாது என்றும் வாதிட்டார். தென்கொரியாவின் கிம் டே ஜுங் அதே ஆண்டில் அதே இதழில் மறுப்பு எழுதினார். கொடிய மன்னனை மக்கள் அகற்றலாம் என்ற கருத்து, பண்டைச் சீன அறிஞர் மென்சியசிடமே இருப்பதை அவர் எடுத்துக்காட்டினார். 1980இல் இராணுவ ஆட்சியால் மரண தண்டனை விதிக்கப்பட்டுப் பின்னர் உயிர் தப்பிய கிம், 1997 தேர்தலில் வென்று குடியரசுத் தலைவரானார். ஒரே மொழியும் ஒரே மரபும் கொண்ட வடகொரியாவில் இன்றும் ஒரு குடும்பத்தின் ஆட்சியே நடைபெறுகிறது. இவ்வேறுபாட்டைப் பண்பாட்டைக் கொண்டு விளக்க முடியாது.

இந்தோனேசியா

இந்நாட்டு மக்களில் ஏறத்தாழ 87 விழுக்காட்டினர் முசுலிம்கள். 30 ஆண்டுகளுக்கு மேல் ஆண்ட சுகார்த்தோ 1998இல் பதவி விலகினார். 1999இல் சுதந்திரமான பொதுத்தேர்தலும், 2004இல் முதல் நேரடிக் குடியரசுத் தலைவர் தேர்தலும் நடைபெற்றன. நஹ்த்லத்துல் உலமா, முகம்மதியா ஆகிய பெரிய இசுலாமிய அமைப்புகள் இம்மாற்றத்தை எதிர்க்கவில்லை. நஹ்த்லத்துல் உலமாவின் தலைவர் அப்துர்ரகுமான் வாகித் 1999இல் குடியரசுத் தலைவராகவும் ஆனார்.

போட்சுவானா

ஊர் மக்கள் கூடிப் பேசும் 'கோட்லா' என்னும் அவை இந்நாட்டின் பழைய வழக்கம். முற்காலத்தில் பெண்களுக்கு அதில் இடமில்லை. எனவே மரபு அப்படியே மக்களாட்சி ஆகிவிடவில்லை. பொது விவாதப் பழக்கம் மரபிலிருந்து வந்தது. அனைவருக்கும் வாக்கு என்பது புதிதாகச் சேர்ந்தது. 1966இல் விடுதலை பெற்றது முதல் ஆண்டுவந்த கட்சி 2024 தேர்தலில் தோற்றபோது, ஆட்சி அமைதியாகக் கைமாறியது.

பின்னடைவுகள்

வேரூன்றியது பட்டுப்போவதும் உண்டு. துனீசியா 2014இல் புதிய அரசியலமைப்பை ஏற்றது. 2021இல் அதன் குடியரசுத் தலைவர் நாடாளுமன்றத்தை முடக்கினார். கல்வியிலும் தொழிலிலும் முன்னேறியிருந்த ஜெர்மனியிலும் 1933இல் மக்களாட்சி வீழ்ந்தது.

முடிவு

அதிகாரத்துக்குப் பணியச் சொல்லும் கருத்தும், அதைத் தட்டிக்கேட்கும் கருத்தும் பெரும்பாலான மரபுகளில் அருகருகே உள்ளன. எது மேலோங்கும் என்பதைச் சமயத்தின் பெயர் மட்டும் முடிவு செய்வதில்லை. நேர்மையான தேர்தல், சார்பற்ற நீதிமன்றம், தோற்றவர் பதவியை விட்டு இறங்கும் வழக்கம் ஆகியவற்றை மக்கள் காக்கும் அளவுக்கே மக்களாட்சி நிலைபெறுகிறது.