குளிருக்கு பயந்து ஃபுளோரிடா போகும் அமெரிக்க தாத்தா, பாட்டிகள்... கார் இன்சூரன்ஸில் காத்திருக்கும் '90 நாள்' சிக்கல்!

நியூயார்க்கில் பனி கொட்டத் தொடங்கியதும், ஓய்வுபெற்றவர்கள் பலர் பெட்டியைக் கட்டி ஃபுளோரிடா, அரிசோனா பக்கம் கிளம்பிவிடுவார்கள். பனி விலகிய பிறகுதான் ஊர் திரும்புவார்கள். பறவை மாதிரி இடம் மாறும் இவர்களுக்கு அங்கே 'ஸ்னோபேர்ட்ஸ்' என்று பெயர். வேலைக்காகச் சென்று அமெரிக்காவிலேயே ஓய்வுபெற்ற நம்மூர்க்காரர்களும் இதில் உண்டு. ஆனால், கூடவே போகும் காருக்கு இன்சூரன்ஸ் செல்லுமா?

மாநிலம் மாறினால் என்ன பிரச்னை?

அமெரிக்காவில் கார் இன்சூரன்ஸ் சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் வேற. சில வாரச் சுற்றுலா என்றால் கவலையில்லை, சொந்த மாநில பாலிசியே போதும். மாதக்கணக்கில் தங்கினால்தான் சிக்கல். இரவில் கார் எங்கே நிற்கிறது என்பதைப் பார்த்துதான் நிறுவனங்கள் பிரீமியம் போடுகின்றன. அந்த முகவரியை மறைத்தது விபத்துக்குப் பிறகு தெரியவந்தால், கிளெய்மை நிராகரிக்கவோ பாலிசியை ரத்து செய்யவோ வாய்ப்பு இருக்கு. ஓய்வுக்காலச் சேமிப்பே கரையும் ஆபத்து இது.

அது என்ன 90 நாள் கணக்கு?

கடந்த 365 நாட்களில் 90 நாட்களுக்கு மேல் ஒரு கார் ஃபுளோரிடாவில் இருந்தால், அந்த மாநிலம் கேட்கும் இன்சூரன்ஸ் கட்டாயம். தொடர்ச்சியாக இருக்கணும்னு அவசியமில்லை, விட்டுவிட்டு வந்தாலும் கணக்குதான். உதாரணத்துக்கு, நவம்பர் 15-ல் போய் இறங்கினால், பிப்ரவரி 13-ஆம் தேதி 91-வது நாள். மார்ச் வரை தங்குபவர்கள் எல்லாருமே இதில் மாட்டுவார்கள்.

ஃபுளோரிடா கேட்பது இரண்டு. யார் மீது தப்பு என்று பார்க்காமல் சொந்த மருத்துவச் செலவுக்குக் கைகொடுக்கும் 10,000 டாலர் கவரேஜ். அடுத்தவர் சொத்துக்கு ஏற்படும் சேதத்துக்கு 10,000 டாலர் கவரேஜ். அடுத்தவருக்குக் காயம் ஏற்பட்டால் இழப்பீடு தரும் கவரேஜ் அங்கே பெரும்பாலானவர்களுக்குக் கட்டாயமில்லை. அதாவது, உங்களை இடிப்பவரிடம் அது இல்லாமலே போகலாம். அதனால்தான் 'இன்சூரன்ஸ் இல்லாத ஓட்டுநர்' கவரேஜையும் சேர்ப்பது நல்லது.

அரிசோனாவில் கணக்கு வேற. ஒரு காலண்டர் ஆண்டில் 7 மாதம் அல்லது அதற்கு மேல் தங்கினால், அந்த மாநிலவாசியாகவே கருதி, காரை அங்கே பதிவு செய்யச் சொல்வார்கள்.

காரை விட்டுட்டுப் போனால்?

'சும்மா நிற்கிற காருக்கு எதுக்கு இன்சூரன்ஸ்?' என்று கேன்சல் செய்வதுதான் பலர் செய்யும் தப்பு. நியூயார்க்கில் பதிவு உயிரோடு இருக்கும்வரை, கார் ஷெட்டிலேயே நின்றாலும் லயபிலிட்டி இன்சூரன்ஸ் வேணும். முதலில் நம்பர் பிளேட்டை ஒப்படைக்கணும், அப்புறம்தான் கேன்சல். வரிசை மாறினால் அபராதமோ, பதிவு முடக்கமோ வரலாம்.

ஃபுளோரிடாவில் காரை விட்டு வருபவர்களுக்குப் புயல்தான் பயம். 2022 செப்டம்பர் 28-ல் இயன் புயல் தாக்கியபோது, ஃபோர்ட் மையர்ஸ் பகுதிக்குள் கடல் நீர் புகுந்தது. பனிக்கால விருந்தாளிகள் பெரும்பாலும் ஊரில் இல்லாத மாதம் அது. வெள்ளச் சேதத்துக்கு 'காம்ப்ரிஹென்சிவ்' கவரேஜ் இருந்தால் மட்டுமே பணம். திருட்டுக்கும் அதேதான். புயல் நெருங்கும்போது புது கவரேஜ் தருவதை நிறுவனங்கள் நிறுத்திவிடும் என்பதால், முன்கூட்டியே எடுத்துடணும்.

கிளம்பும் முன் என்ன செய்யணும்?

* போகும் தேதி, திரும்பும் தேதி, தங்கும் முகவரி மூன்றையும் நிறுவனத்திடம் சொல்லி, பதிலை எழுத்தில் வாங்குங்க.
* அந்த நிறுவனம் இரண்டு மாநிலத்திலும் பாலிசி தருகிறதா என்று கேளுங்க.
* கடனில் வாங்கிய கார் என்றால், கவரேஜைக் குறைக்கும் முன் வங்கியைக் கேளுங்க.
* பாதுகாப்பான ஓட்டுநர் வகுப்பு முடித்தால் சலுகை உண்டு. நியூயார்க்கில் 3 ஆண்டுகளுக்கு 10 சதவீதம் குறையும். ஃபுளோரிடாவில் 55 வயதைத் தாண்டியவர்களுக்குத் தள்ளுபடி இருக்கு.

முகவரியை மறைத்தால் மிச்சமாவது கொஞ்சம் பிரீமியம். கிளெய்ம் கிடைக்காமல் போனால், மொத்தச் செலவும் சொந்தப் பாக்கெட்டில் இருந்துதான்.