கோர்ட் ஏட்டில் கிடைத்த விவசாயி! 350 ஆண்டுகளுக்கு முந்தைய அமெரிக்கக் குடும்பத்தைத் தேடி...

நாட்குறிப்பு இல்லை. கடிதம் இல்லை. புகைப்படம் என்ற ஒன்றே அப்போது கிடையாது. அப்படிப்பட்ட ஒரு சம்சாரியின் வாழ்க்கையை இன்றைக்குத் தெரிந்துகொள்ள முடியுமா? முடியும். நிலத்துக்காக, மாட்டுக்காக, வரிக்காக அவர் எத்தனை முறை கோர்ட் படி ஏறினாரோ, அத்தனை இடத்தில் அவர் பெயர் பதிவாகியிருக்கும். அந்த ஏடுகள் தீயிலும் கரையானிலும் தப்பித்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அமெரிக்காவின் விர்ஜீனியா மாகாணத்தில் 17-ம் நூற்றாண்டில் வாழ்ந்த ஆண்டனி ஜான்சன் அப்படிக் கண்டெடுக்கப்பட்ட விவசாயி. ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர். பண்ணையாளாக வந்து, சொந்த நிலம் வாங்கி, மாடு வளர்த்து, பிள்ளைகளுக்கும் நிலம் சேர்த்தவர். அவரைப் பற்றி நமக்குத் தெரிந்த எல்லாமே அரசாங்கக் காகிதங்களிலிருந்து வந்தவை.

தப்பிப் பிழைத்த ஏடுகள்

விர்ஜீனியாவில் முன்னோரைத் தேடுகிறவர்களுக்குப் பெரிய தலைவலி, எரிந்துபோன ஆவணங்கள். 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரின்போது, பல மாவட்டங்கள் தங்கள் பழைய ஏடுகளைப் பாதுகாப்புக்காகத் தலைநகர் ரிச்மண்டுக்கு அனுப்பி வைத்தன. போரின் முடிவில் ரிச்மண்டே தீப்பிடித்து எரிந்தது. பத்திரமாக இருக்கட்டும் என்று அனுப்பியவை சாம்பலாகிவிட்டன.

ஆனால், செசபீக் விரிகுடாவின் கிழக்குக் கரையில் இருக்கும் நார்த்தாம்ப்டன் மாவட்டத்தின் ஏடுகள் தப்பித்தன. 1632-ல் தொடங்கி விட்டுப்போகாமல் இன்றுவரை தொடரும் கோர்ட் பதிவுகள் அவை. ஆண்டனி ஜான்சன் விவசாயம் செய்தது அந்த மாவட்டத்தில்தான். அவருடைய கதை நமக்குக் கிடைத்ததற்கு முதல் காரணம் இந்த அதிர்ஷ்டம்.

முதல் தடம்: ஆள் கணக்கு

1625-ன் தொடக்கத்தில் விர்ஜீனியாவில் பண்ணை பண்ணையாக ஒரு கணக்கெடுப்பு நடந்தது. ஆட்கள், வீடுகள், தானியம், ஆயுதம், கால்நடை எல்லாவற்றையும் எழுதினார்கள். அதில் பென்னட் என்பவரின் புகையிலைப் பண்ணையில் ‘அன்டோனியோ’ என்று ஒரு கறுப்பினத்தவர் பெயர் இருக்கிறது. 1621-ல் ‘ஜேம்ஸ்’ கப்பலில் வந்தவர் என்று குறிப்பு. அதே பண்ணையில் ‘மேரி’ என்ற கறுப்பினப் பெண். அவர் 1622-ல் ‘மார்கரெட் அண்டு ஜான்’ கப்பலில் வந்தவர்.

இவ்வளவுதான் அந்த ஏட்டில் இருக்கிறது. பட்ட பெயர் இல்லை, வயது இல்லை, சொந்த ஊர் இல்லை. ஆனால், அந்தப் பண்ணையில் ஓர் ஆள் உயிரோடு இருந்தார் என்பதே பெரிய செய்தி. 1622 மார்ச் 22-ம் தேதி, தங்கள் நிலத்தை ஆங்கிலேயர்கள் பிடுங்கிக்கொண்டே போவதைக் கண்ட பொஹாட்டன் பழங்குடியினர், குடியேறிகள் மீது ஒரே நாளில் தாக்குதல் நடத்தினார்கள். மொத்தம் 347 பேர் இறந்தார்கள். பென்னட் பண்ணையில் மட்டும் 50-க்கும் மேல். அதில் தப்பித்த சிலரில் அன்டோனியோவும் ஒருவர்.

இரண்டாம் தடம்: நிலப் பட்டா

அடுத்த பெரிய ஆவணம் 1651-ம் வருடத்தியது. நார்த்தாம்ப்டன் மாவட்டத்தில், புங்கொடீக் ஓடையை ஒட்டி 250 ஏக்கர் நிலத்துக்கு ‘ஆண்டனி ஜான்சன்’ பெயரில் பட்டா பதிவாகியிருக்கிறது. அன்றைய விர்ஜீனியாவில், கப்பல் செலவு செய்து ஓர் ஆளை அழைத்து வந்தால், தலைக்கு 50 ஏக்கர் வீதம் நிலம் கேட்கலாம். ‘ஹெட்ரைட்’ என்று அதற்குப் பெயர். ஜான்சன் ஐந்து பெயர்களைக் காட்டி 250 ஏக்கர் வாங்கினார்.

முன்னோரைத் தேடுகிறவர்கள் இந்த இடத்தில் நிதானிக்க வேண்டும். பட்டாவில் ஐந்து பெயர் இருப்பதால், ஐந்து பேரை அவரே கப்பலில் வரவழைத்தார் என்று சொல்லிவிட முடியாது. அந்த உரிமைச் சீட்டுகளைச் சந்தைப் பொருள் மாதிரி வாங்கி விற்பதும் அப்போது நடந்தது. இந்த ஐந்து பெயரில் ஒன்று அவருடைய சொந்த மகன் ரிச்சர்டின் பெயர். பட்டா நிலத்துக்காக எழுதப்பட்டது. எத்தனை ஏக்கர், எந்த ஓடையை ஒட்டி என்பதற்கு அது உறுதியான சாட்சி. ஆட்களைப் பற்றித் தெரிய வேறு காகிதத்தைப் பார்க்க வேண்டும்.

இன்னொரு கேள்வியும் இருக்கிறது. 1625-ன் அன்டோனியோவும் 1651-ன் ஆண்டனி ஜான்சனும் ஒரே ஆள்தானா?

முடிச்சு போட்ட தீ விபத்து

விடை கிடைத்தது ஒரு நிவாரண மனுவில். 1653 பிப்ரவரியில் ஜான்சன் பண்ணையில் தீப்பிடித்துப் பெரும் நஷ்டம். அவரும் மனைவி மேரியும் கோர்ட்டில் உதவி கேட்டார்கள். நீதிபதிகள், மேரிக்கும் இரண்டு மகள்களுக்கும் ஆயுள் முழுக்க வரி விலக்குக் கொடுத்தார்கள். அன்றைக்கு அது சின்ன உதவி இல்லை. 1643-ல் வந்த சட்டப்படி, கறுப்பினப் பெண்களுக்கும் தலைவரி உண்டு. வெள்ளைக்கார விவசாயியின் மனைவிக்கு அது கிடையாது. வரியைப் புகையிலையாகக் கட்ட வேண்டும். மூன்று பெண்களின் வரி என்றால், வருடா வருடம் விளைச்சலில் ஒரு பங்கு போய்விடும்.

அந்த உத்தரவில், இந்தத் தம்பதி 30 வருடங்களுக்கும் மேலாக விர்ஜீனியாவில் வசித்து உழைத்தவர்கள் என்று காரணமும் எழுதியிருக்கிறார்கள். 1653-லிருந்து 30 வருடம் பின்னால் போனால் 1623. அன்டோனியோ வந்தது 1621. மேரி வந்தது 1622. மனைவி பெயரும் ஒன்று. வரலாற்று ஆய்வாளர்கள் இரண்டு பெயரையும் ஒரே ஆளாகச் சேர்ப்பது இந்தக் கணக்கை வைத்துத்தான்.

பெயர் ஒன்றாக இருப்பது மட்டும் போதாது. வருடம், ஊர், மனைவி மக்கள் பெயர் என இன்னும் இரண்டு மூன்றாவது ஒத்துவர வேண்டும். இதுதான் முன்னோரைத் தேடும் வேலையின் அடிப்படை விதி.

பெருமையும் உண்டு... வேதனையும் உண்டு!

முன்னோரைத் தேடிப் போகிறவர்கள் நல்லதை மட்டுமே எதிர்பார்க்கக் கூடாது. 1655 மார்ச் மாதத்து வழக்கு ஒன்று அதைத்தான் காட்டுகிறது.

ஜான்சன் பண்ணையில் ஜான் கேசர் என்ற கறுப்பினத் தொழிலாளி இருந்தார். ‘நான் ஏழெட்டு வருட ஒப்பந்தத்தில் வந்தவன். கெடு முடிந்து ஏழு வருடமாகியும் விட மறுக்கிறார்’ என்பது கேசரின் வாதம். ‘ஒப்பந்தம் எதுவும் கிடையாது. ஆயுள் முழுக்க என் ஆள்’ என்றார் ஜான்சன். பக்கத்துப் பண்ணைக்காரர் ராபர்ட் பார்க்கர், கேசரைத் தன்னிடம் வைத்துக்கொண்டார். ஆளை விடாவிட்டால், அவர் வழக்குப் போட்டு நம் பசுக்களைப் பிடித்துக்கொள்வார் என்று குடும்பத்தினர் பயந்ததால், ஜான்சன் முதலில் இறங்கி வந்தார். பிறகு மனம் மாறி வழக்குத் தொடுத்து ஜெயித்தார். கேசரைத் திருப்பி ஒப்படைக்கச் சொன்ன கோர்ட், செலவையும் பார்க்கர் தலையில் கட்டியது. கேசர் மீண்டும் ஜான்சனின் ஆளானார்.

அடிமையாய் வந்த இனத்தவர் ஒருவர், இன்னொருவரை ஆயுள் அடிமையாக வைத்திருக்க அதே கோர்ட் உதவியது. இந்த ஒரு தாளை மட்டும் பிடித்துக்கொண்டு, அமெரிக்க அடிமை முறையையே ஜான்சன்தான் தொடங்கினார் என்று சொல்கிறவர்களும் உண்டு. அது தவறு. ஆயுள் முழுக்க ஊழியம் செய்யச் சொன்ன தண்டனைகளும், கறுப்பினத்தவரை வெள்ளையரிடமிருந்து பிரித்துப் பார்த்த சட்டங்களும் அதற்கு முன்பே விர்ஜீனியாவில் இருந்தன. ஒரே காகிதத்தை வைத்து ஒரு மனிதரை எடைபோட்டால் இப்படித்தான் ஆகும்.

பட்டா இருந்தும் போன நிலம்

1665-ல் ஜான்சன் குடும்பம் விர்ஜீனியாவை விட்டு, வடக்கே மேரிலாந்தின் சாமர்செட் பகுதிக்குக் குடிபெயர்ந்தது. பழைய நிலத்தில் 200 ஏக்கரை விற்றார்கள். 50 ஏக்கரை மகன் ரிச்சர்டுக்கு விட்டார்கள். புது ஊரில் 300 ஏக்கர் குத்தகை நிலம். ‘டோனியின் திராட்சைத் தோட்டம்’ என்று அதற்குப் பெயர். ‘டோனி’ என்பது ஆண்டனியின் செல்லப் பெயர். 1670-ல் அவர் இறந்த பிறகு, குத்தகையை மேரி தன் பொறுப்பில் புதுப்பித்தார். 1672-ல் பேரன்களுக்குப் பசுக்களை எழுதி வைத்தார்.

அதே 1670 ஆகஸ்ட்டில், விர்ஜீனியாவில் ஒரு நடுவர் குழு கூடியது. அங்கே ஜான்சன் விட்டுவந்த நிலம் யாருக்கு என்பது கேள்வி. ஜான்சன் கறுப்பினத்தவர், ஆகவே அந்நியர். நிலம் மன்னருக்கே சேரும் என்று தீர்ப்பு எழுதினார்கள். முப்பது வருட உழைப்புக்காக வரி விலக்குக் கொடுத்த அதே நாட்டில், 17 வருடத்துக்குள் அவர் அந்நியராகிவிட்டார். 1651-ன் பட்டாவும் ஏட்டில் இருக்கிறது. அதைச் செல்லாமல் ஆக்கிய 1670-ன் தீர்ப்பும் ஏட்டில் இருக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் படிக்கும்போதுதான், கால் நூற்றாண்டுக்குள் அந்த மண்ணில் சட்டம் எப்படி மாறியது என்பது புரிகிறது.

எந்தக் காகிதம் எதைச் சொல்லும்?

* பட்டாவும் கிரயப் பத்திரமும்: நிலத்தின் அளவு, எல்லை, பக்கத்து நிலத்துக்காரர்கள். அந்தப் பக்கத்து நிலத்துக்காரர்கள் பல நேரம் சம்பந்தி வீட்டாராகவோ, வழக்கில் எதிராளியாகவோ மறுபடி வருவார்கள்.

* வரிப் பட்டியல்: எந்த வருடம் வரை உயிரோடு, எந்த ஊரில் இருந்தார் என்பது. பெயர் சட்டென்று நின்றுபோனால், இறப்பு, இடப்பெயர்ச்சி, வரி விலக்கு மூன்றையும் தேட வேண்டும்.

* கால்நடை அடையாளப் பதிவு: வேலி இல்லாத காட்டில் மேய்ந்த மாடுகளுக்குக் காதில் வெட்டுக்குறி போட்டு, அதைக் கோர்ட்டில் பதிவு செய்தார்கள். நிலம் இல்லாதவர் பெயர்கூட இதில் கிடைக்கும்.

* உயிலும் தான எழுத்தும்: பேரன் பேத்தி வரை உறவு முறை. பெண்களின் பெயர் அதிகம் கிடைப்பதும் இதில்தான்.

* வழக்கு ஏடு: குடும்பத்தார் வாயால் சொன்னதற்கு மிக அருகில் இருப்பது சாட்சி வாக்குமூலம்தான்.

1677-ல் ஜான்சனின் பேரன் ஜான், மேரிலாந்தில் 44 ஏக்கர் நிலம் வாங்கினார். 1706-ல் அவர் இறந்ததோடு குடும்பத்தின் தடம் ஏடுகளில் மங்கிவிடுகிறது. அந்த 44 ஏக்கருக்கு அவர் பத்திரத்தில் எழுதிய பெயர் ‘அங்கோலா’. தாத்தாவின் பூர்வீகம் எதுவென்று 1625-ன் ஆள் கணக்கு எழுதவில்லை. பேரன் நிலத்துக்கு வைத்ததோ, ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில் இருக்கும் ஒரு நாட்டின் பெயர்.