கல்பாசியும் ஆன்டிஆக்ஸிடன்ட் கதையும்

பிளவக்கல் அணைப் பக்கம் போயிருந்தால் பாறையிலும் மரப்பட்டையிலும் சாம்பலும் வெளிர்பச்சையுமாக ஒட்டிக்கிடக்கும் திட்டுகளைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் லைக்கன். செட்டிநாட்டுச் சமையலில் வாசனைக்குப் போடுகிற கல்பாசியும் ஒரு லைக்கன்தான். பெயரில் பாசி இருந்தாலும் அது தனிப் பாசி இல்லை. பூஞ்சையும் பாசியும் நடத்தும் கூட்டுக்குடித்தனம். பாசி வெயிலை வைத்து உணவு தயாரிக்கும், பூஞ்சை வீடு கட்டிக்கொடுக்கும். 1867ல் சுவிட்சர்லாந்துக்காரர் சைமன் ஷ்வெண்டெனர் இதைச் சொன்னபோது அந்தக் கால லைக்கன் அறிஞர்கள் பலர் ஏற்கவே இல்லை.

சரி, இதில் ஆன்டிஆக்ஸிடன்ட் எங்கிருந்து வந்தது?

லைக்கனுக்கு வேர் கிடையாது. மழையில் நனையும், வெயிலில் அப்பளம் மாதிரி காயும். காய்ந்தது மறுபடி நனையும்போது, செல்லைத் தாக்கக்கூடிய ஆக்ஸிஜன் மூலக்கூறுகள் உள்ளே சட்டென்று பெருகும். அவற்றை அடக்க குளுட்டாதயோனும் சில நொதிகளும் இருக்கின்றன. இது போக, அட்ரனோரின், உஸ்னிக் அமிலம் போன்ற பீனாலிக் பொருட்களையும் பூஞ்சை தயாரிக்கிறது. இவற்றில் பல புறஊதாக் கதிரையும் வடிகட்டும். கல்பாசியில் இருப்பது அட்ரனோரின்.

ஆய்வகத்தில் இதைச் சோதிப்பது எளிது. லைக்கனை மெத்தனாலிலோ அசிட்டோனிலோ ஊறவைத்து சாறு எடுப்பார்கள். அதை டிபிபிஎச் என்ற ஊதா நிறக் கரைசலில் விடுவார்கள். ஊதா வெளிறி மஞ்சளானால் ஆன்டிஆக்ஸிடன்ட் இருக்கிறது என்று அர்த்தம். எவ்வளவு வெளிறியது என்பதே அளவு.

இங்கேதான் கவனம் வேண்டும். சோதனைக் குழாயில் நிறம் மாறியது என்பது அவ்வளவுதான். நாம் சாப்பிட்டால் குடல் அதை உறிஞ்சுமா, கல்லீரல் அதை என்ன செய்யும் என்பதெல்லாம் வேறு கேள்விகள். உஸ்னிக் அமிலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அது கலந்த லிப்போகைனெட்டிக்ஸ் என்ற எடைகுறைப்பு மாத்திரையைச் சாப்பிட்டவர்கள் சிலருக்குக் கல்லீரல் பழுதானது. அமெரிக்காவின் எஃப்டிஏ 2001ல் அதை உடனே நிறுத்தச் சொல்லி எச்சரித்தது. 'இயற்கை' என்ற சொல் யாரையும் காப்பாற்றவில்லை.

குழம்பில் ஒரு சிட்டிகை கல்பாசி வேறு, செறிவாக்கிய மாத்திரை வேறு.

இன்னொன்று, பெரும்பாலான லைக்கன்கள் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர்தான் வளரும். உள்ளங்கை அளவு திட்டு என்றால் அதன் வயது பல ஆண்டுகள். பிளவக்கல்லை ஒட்டிய மலைக்காடு 2021ல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தது. அங்கே பார்த்தால் போட்டோ எடுங்க, சுரண்டாதீங்க. சமையலுக்கு மளிகைக்கடைக் கல்பாசி போதும்.