வருத்தங்களோடும் ஒத்துவராத உணவோடும் தொண்டு ஓட்டத்துக்குத் தயாராவது எப்படி?

2011 ஜூலையில் தெற்கே தெய்வேந்திரமுனையில் தொடங்கிய நீண்ட நடை ஒன்று 27 நாட்களில் 670 கிலோமீற்றர் கடந்து வடக்கே பருத்தித்துறையில் நிறைவுற்றது. 'ட்ரெயில்' என்ற பெயரில் நாதன் சிவகணநாதன், சரிந்த உனம்புவே ஆகிய இருவரும் முன்னின்று நடத்திய இந்த நடையில் வழியெங்கும் பலர் இணைந்துகொண்டனர். திரண்ட நிதி தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை அமைக்கப் பயன்பட்டது. 2016 ஒக்டோபரில் எதிர்த்திசையாக, பருத்தித்துறையில் தொடங்கி 28 நாள் நடை ஒன்று நடந்தது. அது காலி கராப்பிட்டிய வைத்தியசாலையின் புற்றுநோய்ப் பிரிவுக்கானது.

670 கிலோமீற்றரை 27 நாட்களால் வகுத்தால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 25 கிலோமீற்றர் வரும். முழுத் தூரத்தையும் நடந்தவர்கள் சிலர். ஒரு நாள் மட்டும் கூட நடந்தவர்கள் ஏராளம். நிதி கொடுத்தவர்கள் எவரும் நடந்தவரின் வேகத்தைக் கேட்கவில்லை. தொண்டு ஓட்டத்துக்குப் பெயர் கொடுக்க நினைக்கும் நோயாளி ஒருவர் முதலில் மனதில் வைக்க வேண்டியது இதைத்தான்.

இன்று தாயகத்திலும் இலண்டன், ரொறன்ரோ போன்ற நகரங்களிலும் பாடசாலைக்காக, வைத்தியசாலைக்காக, பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்காக நம்மவர்கள் ஓடுகிறார்கள், நடக்கிறார்கள். 1995 இடப்பெயர்வின்போது இருபது வயதில் இருந்தவர்கள் இன்று ஐம்பதைத் தாண்டிவிட்டார்கள். சலரோகம், இரத்த அழுத்தம், மூட்டு வலி என்பன அந்த வயதோடு வந்து சேர்ந்தவை. சிலரது உடலில் செல் துண்டு இன்னும் இருக்கிறது. சிலர் செயற்கைக் காலோடு நடக்கிறார்கள். இவற்றோடு பால் ஒத்துவராது, கோதுமை ஒத்துவராது என்ற சிக்கலும் சேரும்போது, "நான் எங்கே ஓடுவது" என்று பலர் ஒதுங்கிக்கொள்கிறார்கள். வேறு சிலர் எதையும் வெளியில் சொல்லாமல் ஓடத் தொடங்குகிறார்கள். ஆபத்து அதிகம் இந்த இரண்டாவது வகையினருக்குத்தான்.

டெரி பொக்ஸ் காட்டிய வழி

கனடாவில் வாழும் தமிழர்கள் டெரி பொக்ஸின் பெயரை அறிவார்கள். 1977இல் எலும்புப் புற்றுநோயால் வலது காலை இழந்தவர். 14 மாதங்கள் பயிற்சி செய்து, 1980 ஏப்ரல் 12ஆம் திகதி புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்ட கனடாவின் கிழக்குக் கரையிலிருந்து செயற்கைக் காலோடு ஓடத் தொடங்கினார். 143 நாட்களில் 5,373 கிலோமீற்றர் ஓடினார். புற்றுநோய் நுரையீரலுக்குப் பரவியது தெரியவந்தபோது ஓட்டம் நின்றது. மறு ஆண்டு ஜூனில், 22ஆவது வயதில், அவர் காலமானார்.

வழியில் வந்த வலிகளையும் காலில் ஏற்பட்ட புண்களையும் அவர் பொறுத்துக்கொண்டே ஓடினார், மருத்துவப் பரிசோதனைகளைத் தள்ளிப்போட்டார் என்பதும் அவரது வரலாற்றின் ஒரு பகுதி. அவர் பெயரால் 1981 முதல் ஆண்டுதோறும் நடைபெறும் ஓட்டம் அந்தக் கடுமையை யாரிடமும் கேட்பதில்லை. அது போட்டி அல்ல. ஓடலாம், நடக்கலாம், சக்கர நாற்காலியில் வரலாம். அவரது மனவுறுதியை எடுத்துக்கொண்டு, உடலை வருத்திய முறையை விட்டுவிட்ட ஏற்பாடு அது. நமக்கும் அதுவே பொருந்தும்.

முதல் வேலை: கிளினிக் கொப்பி

பயிற்சி சப்பாத்து வாங்குவதில் தொடங்குவதில்லை. கிளினிக் கொப்பியை எடுத்துக்கொண்டு வைத்தியரிடம் போவதில் தொடங்குகிறது. வடமராட்சியில் இருப்பவருக்கு மந்திகையில் உள்ள பருத்தித்துறை ஆதார வைத்தியசாலை அருகில் இருக்கிறது. "எனக்கு ஓடலாமா?" என்று மட்டும் கேட்டால் "பார்த்து ஓடுங்கோ" என்ற பதிலே கிடைக்கும். தூரம், திகதி, குடிக்கும் மருந்துகள் ஆகிய மூன்றையும் எழுதிக்கொண்டு போய்க் கேட்க வேண்டும்.

சலரோகம் உள்ளவர்கள்: இன்சுலின் ஏற்றுபவர்களுக்கும், கிளிக்கிளசைட், கிளிபென்கிளமைட் போன்ற மாத்திரை எடுப்பவர்களுக்கும் ஓடும்போது சீனி திடீரென இறங்கலாம். மெட்ஃபோர்மின் மட்டும் எடுப்பவருக்கு அந்த ஆபத்து குறைவு. ஓடுமுன் பார்க்கும்போது சீனி 90 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட்டுவிட்டுத்தான் புறப்பட வேண்டும். 250க்கு மேல் இருந்தால் அன்றைய ஓட்டத்தைத் தள்ளிவைத்து, காரணத்தை வைத்தியரிடம் கேட்பது நல்லது. நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு அன்றிரவு நித்திரையிலும் சீனி இறங்கக்கூடும் என்பதை வீட்டில் இருப்பவர்களும் அறிந்திருக்க வேண்டும். சட்டைப்பையில் குளுக்கோஸ் அல்லது மூன்று தேக்கரண்டி சீனி எப்போதும் இருக்கட்டும். சொக்லேட் இதற்கு உதவாது. அதிலுள்ள கொழுப்பு சீனி இரத்தத்தில் சேர்வதைத் தாமதமாக்கும். பனங்கட்டி சலரோகத்துக்குப் பாதுகாப்பானது என்ற எண்ணமும் தவறு. அதுவும் சீனியைப் போலவே இரத்தச் சீனியை ஏற்றும்.

இரத்தச் சோகை உள்ளவர்கள்: சிறிது தூரத்திலேயே மூச்சு வாங்குவதைப் பல பெண்கள் "எனக்குப் பழக்கமில்லை" என்று நினைத்துக்கொள்கிறார்கள். இரும்புச்சத்துக் குறைவாகவும் இருக்கலாம். ஓர் இரத்தப் பரிசோதனை அதைச் சொல்லிவிடும். சாப்பாட்டோடு தேத்தண்ணி குடிப்பது இரும்புச்சத்து உடலில் சேர்வதைக் குறைக்கும். ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடிக்கலாம்.

செல் துண்டு உள்ளவர்கள்: பல ஆண்டுகள் அமைதியாக இருந்த துண்டு பயிற்சியின்போது வலியைத் தரலாம். புதிதாக விறைப்பு, வீக்கம், சீழ் எது கண்டாலும் ஓட்டத்தை நிறுத்திக் காட்ட வேண்டும். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கச் சொன்னால், உடலில் உலோகம் இருப்பதை முன்கூட்டியே சொல்வது கட்டாயம்.

செயற்கைக் கால் உள்ளவர்கள்: நாளாந்த நடைக்காகச் செய்யப்பட்ட கால் ஓட்டத்துக்குரியது அல்ல. வியர்வையால் உறை வழுக்கும், தோல் உரசிப் புண்ணாகும். இவர்கள் நடைப் பிரிவில் சேர்வதே நல்லது. ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் நின்று, உறையைக் கழற்றித் துடைத்து, தோல் சிவந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அனைவருக்கும் ஒரு எச்சரிக்கை உண்டு. வலி வருமென்று ஓடுமுன்பே டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபன் போன்ற மாத்திரைகளைப் போடாதீர்கள். உடலில் நீர் வற்றியிருக்கும்போது அவை சிறுநீரகத்தைப் பாதிக்கும். வவுனியா உள்ளிட்ட பகுதிகளில் சிறுநீரக நோய் ஏற்கனவே பெரும் சுமையாக இருக்கிறது.

ஒவ்வாமை வேறு, ஒத்துவராமை வேறு

இறால் அல்லது நண்டு சாப்பிட்டதும் உடம்பெல்லாம் தடித்து, உதடு வீங்கி, மூச்சுத் திணறினால் அது ஒவ்வாமை. அது உயிருக்கே ஆபத்தாகலாம். அந்த உணவைச் சிறிதளவும் தொடக்கூடாது. பால் குடித்தால் வயிறு ஊதுவது, வயிற்றோட்டம் போவது போன்றவை ஒத்துவராமை. இதில் அளவு முக்கியம். சிறிதளவு தாங்கும், கூடினால் தாங்காது.

பாலில் உள்ள லக்டோஸ் என்ற சீனியைச் சமிக்கச் செய்யும் நொதி, வளர்ந்த பிறகு நம்மில் பலருக்குக் குறைந்துவிடுகிறது. விடியற்காலையில் பால்மாத் தேத்தண்ணி குடித்துவிட்டு ஓடுபவருக்கு மூன்றாவது கிலோமீற்றரில் வயிறு கலங்குவதற்கு இது காரணமாக இருக்கலாம். இரண்டு வாரம் பாலை நிறுத்திப் பாருங்கள். பின்பு மீண்டும் குடித்துப் பாருங்கள். விடை கிடைத்துவிடும். தயிர் பலருக்குத் தாங்கும்.

கோதுமை விடயத்தில் கவனம் கூடுதலாகத் தேவை. கோதுமையிலுள்ள குளூட்டன் சிறுகுடலைச் சிதைக்கும் சீலியாக் நோய், உலகில் ஏறத்தாழ நூறு பேரில் ஒருவருக்கு இருக்கிறது. சந்தேகம் இருந்தால், கோதுமையை நிறுத்துவதற்கு முன்பே இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். நிறுத்திய பின் செய்தால் நோய் இருந்தும் இல்லை என்று காட்டக்கூடும்.

யாழ்ப்பாணச் சமையலில் ஒரு மறைவான சிக்கலும் உண்டு. அரிசிச் சாப்பாடு என்று நாம் நினைக்கும் பலவற்றில் கோதுமை மா கலந்திருக்கிறது. கடைப் புட்டிலும் இடியப்பத்திலும் அவித்த கோதுமை மா சேர்ப்பது வழக்கம். நமது தோசையிலும் பலர் அதைச் சேர்ப்பார்கள். பருத்தித்துறை வடைக்கும் உழுந்தோடு கோதுமை மா சேரும். கடைப் பெருங்காயத்திலும் கோதுமை மா இருக்கலாம். குரக்கனில் குளூட்டன் இல்லை. ஆனால் கோதுமை அரைத்த அதே மில்லில் அரைத்தால் கலந்துவிடும். சீலியாக் நோயாளி வீட்டில் அரைத்த அரிசி மாவையே நம்ப வேண்டும்.

நிவாரண மாவில் உயிர் தப்பிய சமூகம் நாம். தட்டில் வைத்ததை வேண்டாமென்று சொல்வது நம்மவர்களுக்கு இன்றும் கூச்சமாக இருக்கிறது. ஓட்டக் குழுவினர் அன்போடு தரும் பணிஸையும் பால் தேத்தண்ணியையும் மறுக்க முடியாமல் வாங்கிக் குடித்துவிட்டு, அன்றைய பயிற்சியை மலசலகூடத்தில் முடிப்பவர்கள் உண்டு. "எனக்கு இது ஒத்துவராது, வெறும் தேத்தண்ணி தாங்கோ" என்று முதல் நாளே சொல்லிவிட்டால் அடுத்த நாள் முதல் அவர்களே நினைவு வைத்துக்கொள்வார்கள்.

ஓடும்போது வயிற்றுக்கு என்ன நடக்கிறது?

ஓடும்போது இரத்தம் தசைகளுக்கும், வெப்பத்தை வெளியேற்றத் தோலுக்கும் அதிகமாகப் போகிறது. குடலுக்குப் போகும் இரத்தம் குறைகிறது. ஆகவே வீட்டில் இருக்கும்போது ஓரளவு தாங்கிய உணவு ஓட்டத்தில் தாங்காது. கொழுப்பு, பருப்பு, நார்ச்சத்து கூடிய உணவுகளை ஓடுமுன் தவிர்ப்பது இதனால்தான்.

ஓட்டத்துக்கு இரண்டு மூன்று மணித்தியாலம் முன்பு உப்பிட்ட அரிசிக் கஞ்சி, அல்லது அரிசி மா மட்டும் சேர்த்த இடியப்பம் சாப்பிடலாம். அரை மணித்தியாலம் முன்பு ஒரு கதலி வாழைப்பழம் போதும். ஒடியல் கூழும் நண்டுக் கறியும் ஓடி முடித்த பின் மதியத்துக்கு இருக்கட்டும். ஓட்ட நாளன்று புதிய உணவு, புதிய பானம், யாரோ கொடுத்த சக்திப் பசை எதையும் தொடாதீர்கள். அன்று சாப்பிடப் போவதைப் பயிற்சியிலேயே குறைந்தது மூன்று முறை சாப்பிட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

நீரும் உப்பும்: ஒரு மணித்தியாலத்துக்குக் குறைந்த ஓட்டத்துக்குத் தண்ணீர் போதும். அதற்கு மேல், வியர்த்து ஒழுகும் நாட்களில் ஜீவனி உதவும். அது கிடைக்காவிட்டால் ஒரு லீற்றர் சுத்தமான நீரில் ஆறு மட்டத் தேக்கரண்டி சீனியும் அரை மட்டத் தேக்கரண்டி உப்பும் கரைக்கலாம். இரத்த அழுத்தம், சிறுநீரக நோய், இதய நோய், சலரோகம் உள்ளவர்கள் இதை வைத்தியரிடம் கேட்டே குடிக்க வேண்டும். தாகம் இல்லாமல் தண்ணீரை அள்ளிக் குடிப்பதும் ஆபத்து. இரத்தத்தில் உப்பு மட்டம் இறங்கி மயக்கம் வரும்.

பன்னிரண்டு வாரங்கள்

ஐந்து கிலோமீற்றர் தூரத்துக்குப் பன்னிரண்டு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள். வாரத்தில் மூன்று நாள், ஒன்றுவிட்ட ஒரு நாள். முதல் நான்கு வாரம் அரை மணித்தியால வேக நடை மட்டும். அடுத்த நான்கு வாரம் நான்கு நிமிடம் நடை, ஒரு நிமிடம் மெதுவோட்டம். கடைசி நான்கு வாரத்தில் ஓடும் நிமிடங்களைச் சிறிது சிறிதாகக் கூட்டலாம். ஓடிக்கொண்டே ஒரு முழு வசனம் பேச முடிய வேண்டும். முடியாவிட்டால் வேகம் கூடிவிட்டது.

பருத்தித்துறையிலிருந்து வல்வெட்டித்துறைப் பக்கம் போகும் கரையோர வீதி சமதரை. மேடு ஏறும் சிரமம் இல்லை. சோளகக் காற்று வீசும் மாதங்களில் எதிர்காற்றில் புறப்பட்டு, காற்றோடு திரும்புவது எளிது. வெயில் ஏறுமுன் முடித்துவிட வேண்டும். மாரியில் வீதியில் நீர் நிற்கும் நாட்களில், காலில் உணர்ச்சி குறைந்த சலரோகக்காரர் வெளியே ஓடக்கூடாது. ஓடிய ஒவ்வொரு நாளும் பாதத்தைப் பார்க்க வேண்டும்.

ஒரு சிறு கொப்பியில் நான்கு விடயங்களை மட்டும் எழுதுங்கள்: என்ன சாப்பிட்டேன், எத்தனை மணிக்கு, எவ்வளவு தூரம், வயிறும் உடம்பும் எப்படி இருந்தன. ஆறு வாரத்தில் உங்களுக்கு எது ஒத்துவராது என்பதை அந்தக் கொப்பியே சொல்லும்.

ஓட்ட நாளன்று

தொடக்கத்தில் வெடி வைப்பார்களா என்று ஏற்பாட்டாளரிடம் முன்கூட்டியே கேளுங்கள். திடீர் வெடிச்சத்தம் நம்மில் பலரைப் பழைய நாட்களுக்குள் தள்ளிவிடும். விசிலோ மணியோ போதும் என்று கேட்பதில் வெட்கம் இல்லை. சலரோகம் உள்ளவர் அதை எழுதிய ஒரு துண்டைச் சட்டைப்பையில் வைத்திருக்க வேண்டும். நெஞ்சு இறுக்கம், கண் இருட்டுதல், குழப்பமான பேச்சு, வெயிலில் வியர்வை நின்று உடல் கொதித்தல் ஆகியவற்றில் எது வந்தாலும் உடனே நின்று உதவி கேளுங்கள்.

பத்துக் கிலோமீற்றர் என்று சொல்லி நிதி கேட்டுவிட்டு, உடல் இடம் தராததால் ஐந்து நடந்து முடித்தால் என்ன ஆகும்? கொடுத்தவர்களிடம் உண்மையைச் சொல்லுங்கள். பிள்ளைகளின் கல்விக்கோ நோயாளிகளின் மருந்துக்கோ கொடுத்த பணத்தை, தூரம் குறைந்ததென்று திருப்பிக் கேட்பவர்கள் மிகச் சிலரே. ஓட முடியாதவர் நீர் கொடுக்கும் இடத்தில் நிற்கலாம், பெயர் பதியலாம், நிதி திரட்டலாம். அடுத்த ஆண்டும் வந்து உதவக்கூடிய உடல்நலத்தோடு வீடு திரும்புவதும் அந்தத் தொண்டின் ஒரு பகுதிதான்.