பனியனைத் தின்னாத பூச்சி

திருப்பூர்ல அந்துப்பூச்சின்னு பேச்செடுத்தா பெரியவங்க கேக்கிற முதல் கேள்வி, "துணியை அரிச்சுடாதா?" பனியனை நம்பி வாழ்ற ஊர், பயம் நியாயம்தான். பசங்களைச் செடி வைக்கச் சொல்றதுக்கு முன்னாடி இதுக்குப் பதில் சொல்லிடறேன்.

துணியைக் கடிப்பது பறக்கும் பூச்சி இல்லை, அதன் புழு. அதுவும் ஒருசில இனங்களின் புழு மட்டுமே. அவற்றுக்கு வேண்டியது கம்பளி, முடி, இறகு, பட்டு. சுத்தமான பஞ்சு நூலை மட்டும் தின்று அவை வளர முடியாது. தவிர, துணி அந்து வெளிச்சத்தைக் கண்டால் ஒதுங்கும். ஆக, ட்யூப்லைட்டைச் சுத்துற விட்டில் அது இல்லை.

பருத்திக் காய்ப்புழுவும் அந்துப்பூச்சியோட பிள்ளைதான், மறுக்கலை. ஆனா உடுமலைப் பக்கம் மல்பெரி போட்டு வளர்க்கிற பட்டுப்புழுவும் அதே கூட்டம்தானே? இந்தியாவில் சுமார் 10,000 வகை அந்துப்பூச்சிகள் உண்டு. நாலைஞ்சை வச்சு எல்லாத்தையும் எடை போட வேண்டாம்.

லைன் வீட்டு வாசல்ல ரெண்டு பழைய பெயின்ட் டப்பா போதும். ஒன்றில் அந்திமந்தாரை. சாயங்காலம் விரியும் பூ. நீளமான உறிஞ்சுகுழல் உள்ள ஹாக் மாத் தேன் தேடி வரும். இன்னொன்றில் நந்தியாவட்டை. அரளி ஹாக் மாத் இதில் முட்டையிடும். விரல் தடிமன் பச்சைப் புழு, முன்பக்கம் கண் மாதிரி ரெண்டு நீலப் புள்ளி. அரளியிலும் வளரும், ஆனா அரளி முழுக்க விஷம். குழந்தைகள் இருக்கிற வீட்டுக்கு ஆகாது. நந்தியாவட்டைப் பாலும் கண்ணில் படாம பாத்துக்கணும். தொட்டியில் விழும் சருகைக் கூட்டாதீங்க, அதுக்கடியிலதான் புழு கூட்டுப்புழுவாகும்.

கஷ்டமான கட்டம் இனிமேல்தான். குழந்தை தண்ணி ஊத்தி வளர்த்த செடியில் பாதி இலை காணாமப் போகும். அப்போ மருந்து டப்பாவை எடுத்தா எல்லாம் வீண். செடி திரும்பத் துளிர்க்கும். அந்தப் புழுக்களில் சில தையல்சிட்டுக் குஞ்சுக்கு இரையாகும், மிச்சம் இறக்கை முளைச்சுப் பறக்கும். செடி வச்சது இதுக்குத்தான்னு குழந்தைக்கு முன்கூட்டியே சொல்லிடுங்க. கம்பளிப்பூச்சியை மட்டும் தொடக் கூடாது, அரிக்கும்.

ஜூலை கடைசி வாரம் தேசிய அந்துப்பூச்சி வாரம். 2012ல் அமெரிக்காவில் தொடங்கி, இப்போ இந்தியாவிலும் நடக்குது. வெள்ளை பனியன் துணிக்கு நம்ம ஊர்ல பஞ்சமா? ஒரு துண்டைக் கொடியில் கட்டி, பக்கத்துல பல்பு போட்டு, ஏழு மணியிலிருந்து ஒன்பது வரை வந்து உட்கார்றதை பசங்க எண்ணி எழுதட்டும். முடிஞ்சதும் விளக்கை அணைச்சிடுங்க; இல்லேன்னா விடிய விடிய அங்கேயே சுத்திக் களைச்சுப் போகும்.