புரிந்ததா எனும் வினா: மீயறிதலும் தமிழ் வகுப்பறையும்

முன்னுரை

பாடம் நடத்தி முடித்த ஆசிரியர் ‘புரிந்ததா?’ என வினவுவதும், மாணவர் ‘புரிந்தது’ என ஒருமித்து விடையிறுப்பதும் வகுப்பறைகளில் அன்றாடம் காணத்தக்கவை. இவ்விடை எந்த அளவிற்கு நம்பத்தக்கது என்பதை மீயறிதல் கோட்பாட்டின் துணைகொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

மீயறிதல் - விளக்கம்

ஒருவர் தம் அறிதலைப் பற்றிப் பெற்றுள்ள அறிவும், அதனைத் தாமே கண்காணித்து நெறிப்படுத்தும் திறனும் மீயறிதல் எனப்படும். அமெரிக்க உளவியலாளர் ஜான் ஃபிளேவெல் 1970களில் இக்கருத்தாக்கத்திற்கு வடிவம் தந்தார். செய்யுளைப் படித்துப் பொருள் காண்பது அறிதல். அதன் மூன்றாம் அடி தமக்கு விளங்கவில்லை என உணர்ந்து அவ்வடிக்கு மீள்வது மீயறிதல்.

கருத்துப் பரிமாற்றத்தில் மீயறிதல்

எலன் மார்க்மன் 1977இல் வெளியிட்ட ஆய்வு இங்குக் கருதத்தக்கது. ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரையிலான சிறுவர்க்கு ஒரு சீட்டு விளையாட்டு விளக்கப்பட்டது. ‘சிறப்புச் சீட்டு’ யாரிடம் உள்ளது எனப் பார்க்க வேண்டும் என்று கூறப்பட்டதேயன்றி, சிறப்புச் சீட்டு எது என்பது கூறப்படவில்லை. ஒன்றாம் வகுப்புச் சிறுவருள் பெரும்பாலோர், விளையாடிப் பார்க்கும் நிலை வரும்வரை இக்குறையை உணரவில்லை. விளங்கவில்லை என்பதை உணராதவர் வினாத் தொடுப்பதில்லை. வினா எழாதபோது, தாம் கூறியது சென்று சேர்ந்துவிட்டதாகக் கூறியவரும் கருதிவிடுகிறார்.

பழக்கமும் புரிதலும்

இம்மயக்கம் சிறுவர்க்கு மட்டும் உரியதன்று. ரோடிகர், கார்ப்பிக் ஆகியோர் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியை நான்கு முறை படித்த கல்லூரி மாணவர், ஒரு முறை படித்து மும்முறை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவரைக் காட்டிலும் தம் நினைவில் மிகுந்த நம்பிக்கை கொண்டிருந்தனர். ஒரு வாரத்திற்குப் பின் முன்னவர் ஏறத்தாழ 40 விழுக்காடும், பின்னவர் 61 விழுக்காடும் நினைவுகூர்ந்தனர். திரும்பத் திரும்பப் படிப்பதால் தோன்றும் எளிமையுணர்வை முன்னவர் கற்றலாகக் கொண்டனர் எனலாம்.

தமிழ் கற்பித்தலில் இச்சிக்கல் தனி வடிவம் கொள்கிறது. தமிழில் எழுத்திற்கும் ஒலிக்கும் உள்ள தொடர்பு பெரிதும் ஒழுங்கானது. எழுத்துகளை அறிந்த மாணவர், பொருள் அறியாத பத்தியையும் தடையின்றி உரக்கப் படித்துவிட இயலும். வீட்டில் ஆங்கிலமே மிகுதியாகப் புழங்கும் மாணவரிடத்து இந்நிலை எளிதில் ஏற்படக்கூடும். சரளமான வாசிப்பு மாணவரையும் ஆசிரியரையும் ஒருங்கே ஏமாற்றுகிறது.

வகுப்பறைக்குரிய வழிகள்

‘புரிந்ததா?’ என்பது மாணவரைத் தம் புரிதலுக்குத் தாமே நடுவராக்குகிறது. அத்திறனோ அவரிடம் இன்னும் வளர வேண்டியுள்ளது. மாறாக, நூலை மூடிவைத்து ஒரு தொடரில் கருத்தைக் கூறச் செய்தல், விளங்காத ஒரு சொல்லையேனும் சுட்டச் செய்தல் ஆகியன புரிதலைச் சோதித்து வெளிக்கொணர்கின்றன. பாலின்க்சார், பிரவுன் ஆகியோர் 1984இல் முன்வைத்த பரிமாற்றக் கற்பித்தலில் சுருக்குதல், வினாவுதல், தெளிவுபெறுதல், முன்னுணர்ந்து கூறுதல் ஆகிய நான்கும் ஆசிரியரிடமிருந்து படிப்படியாக மாணவர்க்குக் கைமாறுகின்றன.

பவணந்தியாரின் நன்னூற் பாயிரமும், கேட்டவற்றை நினைத்தல், ஆசிரியரை அணுகி மீண்டும் கேட்டல், உடன்பயில்வோருடன் வினவியும் விடைகூறியும் பழகுதல் ஆகியவற்றைக் கற்போர் கடனாக வகுத்துள்ளது. மீயறிதல் எனும் கோட்பாடு அங்கில்லை. எனினும் கேட்ட அளவில் கல்வி நிறைவுறாது என்னும் தெளிவு அங்குண்டு.

முடிவுரை

அறியாமையை உணரும் தருணமே வினா பிறக்கும் தருணமாகும். ‘எனக்கு இவ்விடம் விளங்கவில்லை’ எனத் துல்லியமாகச் சுட்டும் மாணவர், ‘புரிந்தது’ எனத் தலையசைப்பவரைவிடக் கற்றலில் ஒருபடி முன்னே நிற்கிறார். அவ்விடையைக் குறையாகக் கொள்ளாது வரவேற்பது ஆசிரியர் கடமையாகும்.