நிறம் போன பூவின் பெயர்

பழைய நோட்டுப் புத்தகத்துக்குள், பைபிளின் நடுப்பக்கத்தில், கல்யாணப் பத்திரிகையின் மடிப்பில் எனப் பல வீடுகளில் ஒரு காய்ந்த பூ இருக்கிறது. தாத்தா கொடுத்தது, மலைக்குப் போனபோது பறித்தது, பள்ளித்தோழி பிரியும்போது தந்தது என்று அதற்கு ஒரு கதையும் இருக்கும். என்ன பூ என்று கேட்டால்தான் பதில் இருக்காது. பழுப்பேறிய சருகைப் பார்த்து இனி என்ன கண்டுபிடிப்பது என்று விட்டுவிடுகிறோம். விட வேண்டியதில்லை. நாம் பூவை அடையாளம் காண்பது நிறத்தாலும் மணத்தாலும். காகிதத்துக்குள் வைத்த பூவில் அவை இரண்டும்தான் முதலில் மறைகின்றன. தாவரவியலாளர் பார்ப்பது பூவின் அமைப்பை. அது நூறாண்டு கழித்தும் பெரும்பாலும் அப்படியே இருக்கும்.

நிறம் ஏன் போகிறது? சிவப்பு, ஊதா, நீலப் பூக்கள் பலவற்றுக்கு நிறம் தருவது ஆந்தோசயனின். இதழின் செல்களுக்குள் நீர் நிறைந்த நுண்பைகளில் அது கரைந்திருக்கிறது. அந்த நீரின் அமிலத்தன்மையைப் பொறுத்துச் சிவப்பாகவோ நீலமாகவோ தெரியும். பூ காயும்போது இந்தப் பைகள் சிதைகின்றன. அதுவரை தனித்தனி அறைகளில் இருந்த பீனால் சேர்மங்களும் நொதிகளும் ஆக்சிஜனும் ஒன்றுசேர்ந்து பழுப்பு நிறத்தை உண்டாக்குகின்றன. நறுக்கி வைத்த வாழைக்காய் கறுப்பதும் இதே வேதியியல்தான். வெள்ளை மல்லிகை பழுப்பாவதற்கும் இதுவே காரணம். பல மஞ்சள் பூக்களில் உள்ள கரோட்டினாய்டுகள் இன்னும் கொஞ்ச காலம் தாக்குப்பிடிக்கும். வெளிச்சம் பட்டால் அவையும் வெளுத்துவிடும். ஆகவே பழுப்புப் பூவைப் பார்த்து அதன் பழைய நிறத்தை ஊகிப்பது வீண் வேலை.

எண்ணிப் பார்ப்பதே முதல் வேலை. 1735இல் கார்ல் லின்னேயஸ் தாவரங்களை வகுப்புகளாகப் பிரித்தபோது அவர் முதன்மையாகப் பயன்படுத்தியது மகரந்தத்தாள்களின் எண்ணிக்கையையும் அமைப்பையும்தான். அந்த வகைப்பாடு பின்னர் மாறிவிட்டது. எண்ணும் பழக்கம் மாறவில்லை. இதழ்கள் மூன்றோ ஆறோ என்றால் அது ஒருவித்திலைத் தாவரமாக இருக்க வாய்ப்பு அதிகம். நான்கு, ஐந்து என்றால் இருவித்திலை. கூடவே ஓர் இலை இருந்தால் இன்னும் நல்லது: நரம்புகள் இணைகோடுகளாக ஓடுகின்றனவா, வலைபோல் பின்னியிருக்கின்றனவா என்பது அந்த முடிவை உறுதிப்படுத்தும்.

அடுத்து, எது எதனோடு ஒட்டியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். செங்காந்தள் எவ்வளவு கறுத்தாலும் அதன் அலையலையான ஆறு இதழ்களும் ஆறு மகரந்தத்தாள்களும் தெரியும். சூல்தண்டு அடியிலேயே மடங்கிப் பக்கவாட்டில் நீண்டிருக்கும், இலைநுனி பற்றுக்கம்பியாகச் சுருண்டிருக்கும். செம்பருத்தியில் மகரந்தத்தாள்கள் எல்லாம் ஒன்றாக ஒட்டி, சூல்தண்டைச் சுற்றி ஒரு குழலாக நிற்கும். காகிதப்பூவில் நாம் இதழ் என்று நினைப்பது இதழே அல்ல. அவை நிறமேறிய மூன்று பூவடிச் செதில்கள். ஒவ்வொரு செதிலின் நடுநரம்பிலும் ஒட்டியிருக்கும் சிறு குழல்தான் பூ.

நசுங்கிய பூவில் உள்ளுறுப்புகள் தெரியவில்லை என்றால் அதற்கும் வழி உண்டு. கொதித்து இறக்கிய நீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் விட்டு, உதிர்ந்து கிடக்கும் ஒரு துண்டை மட்டும் அதில் போட வேண்டும். முழுப் பூவையும் நனைக்கக் கூடாது. சோப்பு நீரின் பரப்பு இழுவிசையைக் குறைப்பதால் தண்ணீர் காய்ந்த திசுக்களுக்குள் இறங்குகிறது. கொஞ்ச நேரத்தில் சருகு இளகி, ஒட்டிக்கிடந்த மடிப்புகள் விரியும். ஊசிமுனையால் மெல்லப் பிரித்து, கையடக்க லென்ஸில் பார்த்தால் மகரந்தப்பைகள் தெரியும். சூலகம் கிடைத்திருந்தால் பிளேடால் குறுக்கே வெட்டி அறைகளை எண்ணலாம்: செங்காந்தளுக்கு மூன்று, செம்பருத்திக்கு ஐந்து. பூ காய்ந்து எத்தனை காலம் ஆனாலும் இந்தக் கணக்கு மாறாது.

இதழ்கள் பொடிந்தே போயிருந்தாலும் மகரந்தத்தூள் இருக்கக்கூடும். அதன் வெளிச்சுவர் ஸ்போரோபொல்லெனின் என்ற பொருளால் ஆனது. பல கோடி ஆண்டுப் பழமையான பாறைகளில்கூட அது அழியாமல் கிடைக்கிறது. செம்பருத்தியின் ஒரு மகரந்தத் துகள் 0.1 மில்லிமீட்டருக்கும் பெரியது; நுண்ணோக்கியில் உடம்பெல்லாம் முள் கொண்ட உருண்டையாகத் தெரியும். பழைய காகிதத்தின் மடிப்பில் தங்கிய தூசியைத் தட்டிவிடாதீர்கள் என்று சொல்வது இதனால்தான். காய்ந்த இலையில் மரபணுச் செய்தியும் துண்டு துண்டாக எஞ்சியிருக்கும். 1845இல் தொடங்கிய அயர்லாந்துப் பஞ்சத்துக்குக் காரணமான உருளைக்கிழங்கு நோய்க்கிருமியின் மரபணுத் தொகுதியை 2013இல் ஆய்வாளர்கள் படித்தது, 19ஆம் நூற்றாண்டில் காயவைத்துப் பாதுகாத்த இலைகளிலிருந்துதான்.

பெயர் தெரிந்தால் சில வேளை ஆண்டும் தெரியும். நீலக்குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மலையெங்கும் சேர்ந்து பூத்து, விதையிட்டு மடிவது. 1994, 2006, 2018 என்பன அண்மைய பெரும் பூப்புகள். மலையில் பறித்தது என்று மட்டும் சொல்லப்பட்ட பூ குறிஞ்சிதான் என்று உறுதியானால், அது எந்தப் பயணம் என்பதைக் குடும்பம் சில ஆண்டுகளுக்குள் அடக்கிவிடலாம். ஆனால் பூக்கும் ஆண்டு இடத்துக்கு இடம் முன்பின் ஆகும். குறிஞ்சியின் உறவினங்கள் பலவற்றுக்கு வேறு சுற்று. எந்த மலை என்று தெரியாமல் கணக்குப் போட முடியாது.

தாவரவியலாளர் பூவைப் பார்ப்பதற்கு முன்பே எங்கே, எப்போது, யார் பறித்தது என்று கேட்பது இதற்காகத்தான். 1540களில் இத்தாலியில் லூக்கா கினி செடிகளைக் காகிதத்தில் ஒட்டிப் பாடம் நடத்திய காலத்திலிருந்து வளர்ந்த உலர்தாவரத் தொகுப்புகளின் உயிர், தாளின் மூலையில் ஒட்டப்படும் சீட்டில் இருக்கிறது. 1776இல் தரங்கம்பாடிக்கு வந்த பாதிரியார் ரோட்லர் நம் ஊர்களில் சேகரித்துக் காயவைத்த செடிகள் இன்று லண்டன் கியூ தோட்டத்தில் ஆய்வுக்குப் பயன்படுகின்றன. அவற்றோடு குறிப்புகள் இருப்பதால்தான் அவை சான்றுகள்.

ஆகவே, வீட்டில் அப்படி ஒரு பூ இருந்தால் செலோடேப் ஒட்டாதீர்கள், லேமினேட் செய்யாதீர்கள், வெயில் படும் சுவரில் மாட்டாதீர்கள். பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து இருபுறமும் படம் எடுங்கள். திருச்சி புனித வளனார் கல்லூரியில் உள்ள ராபினாட் ஹெர்பேரியம், கோவையில் உள்ள இந்தியத் தாவரவியல் மதிப்பாய்வு நிறுவனத்தின் தென்மண்டல மையம் போன்ற இடங்களில் ஒப்பிட்டுப் பார்க்க ஆயிரக்கணக்கான தாள்கள் இருக்கின்றன. பெயரை எப்போது வேண்டுமானாலும் கண்டுபிடித்துக்கொள்ளலாம். அதற்கு வேண்டிய தடயம் பூவுக்குள் இருக்கிறது. யார் கொடுத்தது, எந்த ஊர், எந்த ஆண்டு என்பவை மட்டும் பூவில் இல்லை. அவை வீட்டுப் பெரியவர்களின் நினைவில் இருக்கின்றன. முதலில் அவர்களிடம் கேட்டு எழுதி, அந்தச் சீட்டைப் பூவோடு வையுங்கள்.